உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கும் முன்…

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்குள் ஆக்சிஜன் எதுவும் அடைத்து வைத்திருப்பதில்லை. அறைக்காற்றை இழுத்து, அதிலுள்ள 78 சதவீத நைட்ரஜனை ஜியோலைட் என்ற தாதுமணிகளில் பிடித்து நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் குழாயில் அனுப்புகிறது. நல்ல மெஷினில் வரும் காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும்.

•

கடையில் முதலில் கண்ணில் படுவது, நிமிடத்துக்கு எவ்வளவு வரும் என்பதைச் சொல்லும் ‘5 லிட்டர்’, ‘7 லிட்டர்’ என்ற எழுத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு: “அந்த 5 லிட்டரில் சுத்தம் எத்தனை சதவீதம்?” சில மலிவு மெஷின்கள் 1 லிட்டரில் 90 சதவீதம் காட்டும், லிட்டரைக் கூட்டக் கூட்டச் சுத்தம் சரிந்துகொண்டே போகும். முழு லிட்டரிலும் குறைந்தது 82 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுத்தம் குறைந்தால் ஒலியெழுப்பும் அலாரம் இல்லாத மெஷினை நோயாளிக்கு வாங்காதீர்கள்.

•

மூச்சு வாங்கும் எல்லோருக்கும் வீட்டு ஆக்சிஜன் தேவையில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், ஓய்வாக இருக்கும்போதே ரத்த ஆக்சிஜன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். அவர்கள் தினமும் 15 மணி நேரமாவது வைத்தால்தான் ஆயுள் கூடும். 1980, 1981-இல் வெளிவந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டியது இது. அளவுக்கு மீறி வைத்தால் இவர்களில் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம்வரை போகும். 88-க்கும் 92-க்கும் இடையில் நிறுத்துவதே வழக்கம். 99 வரவில்லையே என்று தவித்து லிட்டரைக் கூட்டிவிடாதீர்கள்.

•

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருத்த தோலில் சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு இதை எடுத்துச் சொன்னது. வெயிலில் காய்ந்த நம் ஆட்களுக்கு அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்தில் தமனி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

•

அருப்புக்கோட்டையில் பஞ்சுத்தூசி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டப் புகை, கோடையில் கரிசல் புழுதி. இத்தனையும் மெஷினின் ஃபில்டரில்தான் போய் அடையும். வாரம் ஒருமுறை கழுவச் சொல்வார்கள்; இங்கே இரண்டு மூன்று நாளுக்கு ஒருதடவை எடுத்துப் பாருங்கள். பல மெஷின்கள் 40 டிகிரி வெப்பம்வரைதான் தாங்கும். தகரக்கூரைக்கு அடியில் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். ஈரப்பத பாட்டிலில் ஊற்ற உப்புத்தண்ணீர் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான்.

•

2021 கொரோனா அலையில் அவசரத்துக்கு வாங்கிப் பரணில் போட்ட மெஷின்கள் இப்போது பாதி விலைக்கு வருகின்றன. சும்மா கிடந்தாலும் ஜியோலைட் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள். அனலைசர் வைத்துச் சுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

•

மூக்குக்குழாய் மாட்டியவர் பக்கத்தில் பீடி, விறகடுப்பு, சாமி விளக்கு எதுவும் கூடாது. பத்தடியாவது தள்ளியிருக்கட்டும். மூக்கு காய்ந்தால் வாசலினோ எண்ணெயோ தடவக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, தண்ணீர் கலந்த ஜெல் போடலாம்.

•

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 315 யூனிட் கூடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கினாலே அதிகம். ஆகவே மெஷினோடு ஒரு ‘பி டைப்’ சிலிண்டரும் வீட்டில் இருக்கட்டும். அதில் சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும். ரெகுலேட்டரை மாட்டக் கழற்ற வீட்டில் இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும்.