அவர் உங்களுக்கு என்ன வேணும்?

அத்தியாயம் 11

சென்ற வாரம் டயாலிசிஸ் கட்டிலில் நிறுத்தியிருந்தேன். விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளியிலிருந்து ஓசூர் வழியாக பெங்களூருக்குப் போகும் சிறுநீரக மாற்று ஃபைலைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவே 2014ஆம் ஆண்டின் உறுப்பு மாற்று விதிகளில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. மூன்று நாளாக அதைத் தாண்ட முடியவில்லை.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சிறுநீரகம் கொடுப்பதானால், கல்யாணம் நடந்தது நிஜம்தானா, நடந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அனுமதி தரும் அதிகாரி பார்க்க வேண்டுமாம். கல்யாணச் சான்று, கல்யாணப் போட்டோ, பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, அவர்களுடைய பிறப்புச் சான்று, குடும்பம் மொத்தமும் நிற்கிற ஒரு படம், எல்லாம் ஃபைலில் சேர வேண்டும். தாலி கட்டியது சரி, அதற்குப் படம் எங்கே என்கிறது விதி.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேங்காய் விற்கிற ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், என் கற்பனை ஆள்தான். அக்கா மகளைக் கட்டியவர். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தாய்மாமன், அக்கா மகள் உறவைத் தடைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் உள்ள இடத்தில் செல்லும் என்று வழியும் விட்டிருக்கிறது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. மனைவி கொடுக்கிறேன் என்கிறார்.

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத சங்கதி. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் சேர்ந்தார்கள். பட்டியல் அதோடு சரி. மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற தாய்மாமனுக்கு அதில் இடமில்லை. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் இல்லை. அவர்கள் கொடுக்க வந்தால் அங்கீகாரக் குழுவின் முன் உட்கார்ந்து, காசுக்காக அல்ல, பாசத்துக்காகத்தான் என்று புரியவைக்க வேண்டும்.

நம் தேங்காய்க்காரருக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் ஏறக்குறைய கால் பங்கு பொது. அப்படியிருந்தும் தாலி ஏறுகிற நிமிஷம் வரைக்கும் இந்தச் சட்டத்துக்கு அவர் யாரோ. ஏறிவிட்டால் நெருங்கிய உறவு. குழுவரை போகாமல் தகுதிபெற்ற அதிகாரி மட்டத்திலேயே அனுமதி கிடைத்துவிடும். ரத்தத்தால் ஆகாததை ஒரு மஞ்சள் கயிறு செய்துவிடுகிறது!

கயிற்றுக்குத்தான் சாட்சி வேண்டும். தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல். அதற்கு முன்னால் முடிச்சுப் போட்டவர்களில் எத்தனை பேரிடம் சான்று இருக்கும்? இந்த வாரம் என் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்தேன். இருப்பதே ஒன்று. ஈரம் ஏறி அம்மாவின் முகம் காபிக் கறை மாதிரி பரவிக் கிடக்கிறது. தெளிவாகத் தெரிவது இரண்டு மாலையும் அப்பாவின் மூக்குக் கண்ணாடியும்தான். காட்டினேன். “மாலை யார் கழுத்துல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டா, போதும்” என்றாள். அதிகாரிக்குப் போதாதே அம்மா.

அதிகாரியையும் குறை சொல்ல மாட்டேன். 2016இல் மும்பையில் ஒரு பெண்ணை நோயாளியின் மனைவி என்று காகிதத்தில் ஆக்கி ஆபரேஷன் வரை போய்விட்டார்கள். போலீஸ் போய்த்தான் நிறுத்தியது. நம் சென்னை வில்லிவாக்கத்துக்கே ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் விசாரித்த ஆய்வு, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு அவர்களின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடன் மட்டும் பெரும்பாலோருக்கு அப்படியே நின்றது. இது பழங்கதையும் இல்லை. 2025இல் சிறுநீரகம் விற்ற பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்களின் கதை பேப்பரில் வந்தபோது படித்திருப்பீர்கள்.

ஆக, “அவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்ற கேள்வியைக் கேட்காமல் விடவும் முடியாது. கேட்கப்படுகிறவர்களோ வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கிடப்பவரும், சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குகிறவரும். குழு கூடினால் 24 மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடுவதற்கு முன்னால் ஃபைல் நிறைய வேண்டும். காத்திருப்பெல்லாம் அங்கேதான்.

ஆசிரியர் இரண்டாவது முறை போன் செய்துவிட்டார். பக்கமும் நிரம்பியாயிற்று. நெருங்கிய உறவல்லாதவர் கொடுத்து ஆபரேஷனும் வேறு மாநிலத்தில் என்றால் தாசில்தார் தரவேண்டிய ‘படிவம் 20’, பஞ்சாப்காரர்கள் சென்னைக்கு வந்ததால் 2005இல் உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு, இரண்டும் அடுத்த வாரம். இந்த முறை நிஜமாகவே ஓசூரைத் தாண்டிவிடுவோம்.

அதற்குள் பரணிலிருந்து உங்கள் கல்யாண ஆல்பத்தை இறக்கி ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவையுங்கள்.