சீனத்துப் பெரணியும் கொல்லிமலைக் கிழங்கும்

முறிந்த எலும்பு கூடுவதற்குச் சீன மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் 'குசூய்பூ', பூவும் விதையுமின்றி நுண்துகள்களால் பெருகும் பெரணி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் தண்டாகும். அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பெரணிதான், பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படர்ந்து, பழுப்பு நிற ரோமம் போர்த்து, ஆட்டுக்காலைப் போலவே தோன்றும் கொல்லிமலை முடவாட்டுக்கால். தோலைச் சீவி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்துடன் கொதிக்கவைத்து, மூட்டுவலிக்கென்று அங்கே சூப்பாக விற்கிறார்கள். சைவர்களுக்கு ஆட்டுக்கால் சூப் கிடைத்துவிட்டது எனலாம்.

சீன வகையிலுள்ள நரிஞ்சின் என்னும் பொருள், எலும்பைக் கட்டும் உயிரணுக்களைத் தூண்டக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகளும் விலங்குச் சோதனைகளும் காட்டியிருந்தாலும், அதைக்கொண்டு ஒரு குவளை சூப்பின் பலனை அளந்துவிட முடியாது.

கரிசல் ஊர்களுக்கு இந்தப் பெரணிகளைவிட நெருக்கமானது பிரண்டை. எலும்பு முறிவில் அதன் பயனை 1960களிலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளிடம் சோதித்தனர். பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருப்பதால் நாக்கும் கையும் அரிக்கும். எனவே நாரை உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி சேர்த்தே துவையல் அரைக்க வேண்டும். எலும்பு முறிந்தவர்கள் முதலில் எக்ஸ்ரே எடுத்து மருத்துவரைப் பார்க்கட்டும். துவையல் அதற்குப் பிறகு.