பாலைவனத்தில் காற்று அடிப்பது எப்படி?

சைக்கிள் டயரில் காற்று குறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தெருமுனைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவீர்கள். அங்கே இருக்கும் கம்ப்ரஸர் ஒரு நிமிடத்தில் காற்றை நிரப்பிவிடும். பஞ்சர் கடையே இல்லாத இடமாக இருந்தால்?

ஆஸ்திரேலியாவின் நடுவில் சிம்ப்சன் பாலைவனம் இருக்கிறது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள், வயல் வரப்புகளைப் போல வரிசை வரிசையாக நிற்கின்றன. பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள ‘பிக் ரெட்’ என்ற மேடு சுமார் 40 மீட்டர் உயரம்! 1936-ல் டெட் கோல்சன் என்பவர் ஒட்டகங்களுடன் இந்தப் பாலைவனத்தைக் கடந்தார். 1962-ல் ரெக் ஸ்ப்ரிக் என்ற நிலவியல் அறிஞர், தன் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் முதன்முதலாக மோட்டார் வண்டியில் கடந்தார். இன்றும் பலர் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் போகிறார்கள். வழியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடையோ, பெட்ரோல் பங்க்கோ கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை. மணலில் இறங்கும் முன் டயரிலிருந்து காற்றைத் திறந்து விட்டுவிடுவார்கள்! ஏன் தெரியுமா? ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். அகலமாக, மெத்தென்று இருக்கும். எடை பரவுவதால் அது மணலில் புதைவதில்லை. காற்று குறைந்த டயரும் தரையில் நீளமாகப் படிந்து, எடையைப் பரப்பிவிடும்.

சாலையில் 33 பி.எஸ்.ஐ. இருந்த டயரை, மணலில் 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ்.ஐ. என்பது, ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பதைக் குறிக்கும் அளவு.

பாலைவனம் முடிந்து கெட்டியான சாலை வந்ததும்தான் ஆபத்து. காற்று குறைந்த டயருடன் வேகமாக ஓட்டினால், டயரின் பக்கங்கள் மடங்கி மடங்கிச் சூடேறும். கடைசியில் டயர் வெடித்து, வண்டியே கவிழலாம். எனவே மறுபடியும் காற்று அடித்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் வண்டியிலேயே ஒரு கம்ப்ரஸரைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

எதை வாங்குவது? கடையில் ஒரு பெட்டியின் மேல் ‘150 பி.எஸ்.ஐ.!’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அடடா, பெரிய எண் என்று வாங்கிவிடக் கூடாது. நம் டயருக்கு வேண்டியது 33 தானே? நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தரும்?

ஒரு டயருக்குள் சுமார் 70 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 15 பி.எஸ்.ஐ. தான். ஆகவே, டயரில் 15 பி.எஸ்.ஐ. கூட்ட, வெளியிலிருந்து இன்னொரு 70 லிட்டர் காற்றை உள்ளே திணிக்க வேண்டும். நான்கு டயருக்கு 280 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் சிறிய கம்ப்ரஸருக்கு இது 14 நிமிட வேலை. 56 லிட்டர் தருவதற்கோ 5 நிமிடம்தான்!

கவனம்! எதிர்ப்பே இல்லாமல் ஓடும்போது அளந்த லிட்டரைத்தான் பல பெட்டிகளில் எழுதியிருப்பார்கள். டயரில் அழுத்தம் ஏற ஏற, அந்த அளவு குறையும். ‘30 பி.எஸ்.ஐ.யில் எவ்வளவு?’ என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாம் கேள்வி: ஓய்வில்லாமல் எவ்வளவு நேரம் ஓடும்?

சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! காற்றை நெருக்கினால் வெப்பம் உண்டாகும். கம்ப்ரஸரும் அப்படித்தான். அதிகம் சூடானால் தானாகவே நின்றுவிடும் வசதி நல்ல கம்ப்ரஸர்களில் உண்டு. நாம் பார்த்த சிறிய கம்ப்ரஸர் 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஓய்வு கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 14 நிமிட வேலை, 34 நிமிடம் ஆகிவிடும். பாலைவன வெயிலில் அது ஆறுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

மூன்றாம் கேள்வி: மின்சாரம் எங்கிருந்து, இடம் எங்கே?

வண்டியின் பாட்டரி 12 வோல்ட். கம்ப்ரஸர் 30 ஆம்பியர் இழுத்தால், 12 x 30 = 360 வாட். நம் வீட்டு மின்விசிறிகள் ஏறக்குறைய ஐந்து சேர்ந்தாற்போல! செல்போன் சார்ஜ் செய்யும் துளையில் செருகினால் ஃபியூஸ் போய்விடும். தடித்த ஒயரால், தனி ஃபியூஸ் வைத்து, நேரே பாட்டரியோடு இணைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது என்ஜினையும் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் டயர் நிறையும், பாட்டரி காலியாகும்!

இடமும் முக்கியம். என்ஜின் சூடு தாக்காத, தண்ணீர் தெறிக்காத, புழுதி குறைந்த இடத்தில் பொருத்த வேண்டும். காற்று உள்ளே போகும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் மணல் அடைத்தால் கம்ப்ரஸருக்கு மூச்சு முட்டும். அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அப்படியானால் பெரிய பி.எஸ்.ஐ. எண்ணுக்குப் பயனே இல்லையா? உண்டு. சில வண்டிகளில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி இரண்டு சக்கரங்களையும் காற்றின் உதவியால் பூட்டும் கருவி இருக்கும். அதற்குக் கொஞ்சம் காற்று போதும், ஆனால் அழுத்தம் அதிகம் வேண்டும். அந்த வேலைக்குச் சிறிய கம்ப்ரஸரே போதும். டயருக்கோ நிறையக் காற்று வேண்டும், அழுத்தம் குறைவாக இருந்தால் போதும்.

பார்த்தீர்களா? எண் பெரிதா சிறிதா என்பதைவிட, எந்த வேலைக்கு என்பதே முக்கியம். அப்பாவோ அம்மாவோ மிக்ஸியோ மோட்டாரோ வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: சிம்ப்சன் பாலைவனத்தை இரண்டு வண்டிகள் கடந்து வந்தன. கம்ப்ரஸர் ஒன்றுதான். அது நிமிடத்துக்கு 56 லிட்டர் தரும். எட்டு டயருக்கும் 15 பி.எஸ்.ஐ. கூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

விடை: 10 நிமிடம்.