எண்ணிக்கை இசைவும் அமைப்பின் இருத்தலும்

கற்பிட்டி, புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம், மாரவில, வென்னப்புவ என்னும் ஏழு கரையோர ஊர்களை முறையே 1 முதல் 7 வரை எண்ணிட்டு, மும்மூன்றாக ஏழு குழுக்கள் அமைக்கலாம்: 124, 235, 346, 457, 561, 672, 713. எவ்விரண்டு ஊர்களும் ஒரே குழுவில்தான் கூடும். எவ்விரு குழுக்களுக்கும் ஓர் ஊரே பொதுவாகும். ஊர் புள்ளி, குழு கோடு எனக் கொள்ளின், இதுவே மிகச் சிறிய பொதுமை முக்கோணம்.

கோடொன்றில் ஏழு புள்ளிகள் வேண்டின் 43 புள்ளிகள் தேவை. கணக்கு இசைகிறது, எனினும் அவ்வமைப்பு இல்லையென்பது புரூக், ரைசர் ஆகியோரின் 1949ஆம் ஆண்டுத் தேற்றத்தால் பெறப்படும். பதினொன்றுக்கு 111; அதுவும் இல்லையென 1989இல் கணினி காட்டிற்று. பதின்மூன்றுக்கு 157, விடை இன்றும் அறியப்படவில்லை.

பக்கங்களுக்கும் வரம்புண்டு. கோடுதோறும் மூன்று புள்ளிகளேனும், புள்ளிதோறும் மூன்று கோடுகளேனும் உள்ள முடிவுறு பொதுமைப் பல்கோணங்களுக்கு, முக்கோணம் முதலாக, 3, 4, 6, 8 பக்கங்களே இயலுமென 1964இல் பைட், ஹிக்மன் நிறுவினர். எண்ணிக்கையின் இசைவு இருத்தலுக்குச் சான்றாகாது.