பிளாஸ்டிக் தொட்டியே மேல்

மக்காச்சோளக் கதிர் ஒடித்து, பருத்தியும் எடுத்து முடிகிற நாட்களில் நைனார்பாளையம் பக்கத்துப் பெண்களின் குதிகாலைப் பார்த்தால், வற்றிய ஏரிபோலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெறுங்காலோடு வரப்பில் நடப்பதும், தண்ணீர் பாய்ச்சும்போது நனைந்த கால் வெயிலில் காய்வதும் போதும், பித்தவெடிப்பு வந்துவிடும். வீட்டில் கல்யாணம் வந்தால் சின்னசேலத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ பஸ் ஏறிப் போய், சில நூறு ரூபாய்க்கு பெடிக்யூர் செய்துகொள்ளும் பெண்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம். உழைக்கிற காலை ஒருமணி நேரம் இன்னொருவர் கவனிப்பது ஆடம்பரம் இல்லை.

சின்ன பார்லரில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தொட்டி, வெந்நீர், கொஞ்சம் ஷாம்பூ, கல் உப்பு. பெருநகர ஸ்பாக்களில் தண்ணீர் சுழன்றடிக்கும் நாற்காலிகள் இருக்கின்றன. இரண்டில் எது பாதுகாப்பு என்றால், ஒழுங்காகக் கழுவுகிற வரையில், பிளாஸ்டிக் தொட்டிதான்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வாட்சன்வில் என்ற ஊரில் ஒரே நக அழகு நிலையத்துக்குப் போய்வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாகக் கட்டிகள் கிளம்பின. ஆற மாதக்கணக்கில் ஆனது, பலருக்குத் தழும்பு நின்றது. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம் என்ற பாக்டீரியா. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு, குழாய்த் தண்ணீரிலேயே வாழக்கூடியது. ஆய்வாளர்கள் சுழல்தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, தண்ணீரை உள்ளே இழுக்கும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைந்து கிடந்தன. கிருமி அங்கேதான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. முந்தைய நாள்களில் காலை ஷேவ் செய்துவிட்டு வந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டன.

நம்மூர்த் தொட்டியில் சல்லடையும் இல்லை, குழாயும் இல்லை. ஒருவர் எழுந்ததும் தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலைச் சற்று நேரம் நிற்கவிட்டு அலசிக் காயவைத்தால் போதும். அந்தச் சில நிமிடங்கள்தான் மலிவு பெடிக்யூரில் முதலில் வெட்டு வாங்குகின்றன. அடுத்த ஆள் காத்திருப்பார், வாடகை காத்திருக்கும். காலை விடும் முன் பார்க்க வேண்டியது விலைப்பட்டியலை அல்ல, தொட்டி காய்ந்திருக்கிறதா என்பதை.

இனி குதிகால். உடம்பின் பெரும்பகுதியில் தோலின் இறந்த மேலடுக்கு காகிதத்தைவிட மெல்லியது. பாதத்தில் அதுவே ஒரு மில்லிமீட்டரை எட்டும். வியர்வைச் சுரப்பிகள் உள்ளங்காலில் மிக நெருக்கம், ஆனால் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. எனவே ஈரத்தைப் பிடித்துவைக்க ஆளில்லை. காய்ந்த அடுக்கு இறுகிப்போகும். நாம் நிற்கும்போது குதிகாலின் கொழுப்பு மெத்தை உடல் எடையில் பக்கவாட்டில் பிதுங்குகிறது. வளைய முடியாத ஓரம் விரிந்து கிழிகிறது. கிழிசல் இறந்த தோலைத் தாண்டி உயிருள்ள தோலுக்குப் போனால்தான் வலியும் ரத்தமும்.

இதற்கு மருந்து வயலிலேயே தெரிந்த பெயர்: யூரியா. 1828இல் ஃபிரெட்ரிக் வோலர் ஆய்வகத்தில் தயாரித்த அதே பொருள், நம் தோலிலும் இயல்பாகவே இருக்கிறது. நீரை இழுத்துப் பிடிக்கும், அளவு கூடினால் தோலில் கெட்டித்த கெரட்டின் புரதத்தை இளக்கும். 10 சதவீத யூரியா கிரீம் ஈரம் காக்கும், 20க்கு மேல் போனால் தடிப்பைக் கரைக்கும். மூட்டை யூரியாவைக் கரைத்துப் பூசிவிடக் கூடாது. அது வேப்பெண்ணெய் பூசிய உரம், மருந்து அல்ல. மருந்துக் கடைக் கிரீமை வாங்கி, ராத்திரி கழுவித் துடைத்த காலில் தடவிப் படுத்தால் பெடிக்யூருக்கான தேவையே பாதி குறையும்.

பார்லரில் தோலைச் சுரண்ட பிளேடு மாட்டிய கருவியை எடுத்தால் "பிளேடு வேண்டாங்க்கா, லேசா தேச்சு கிரீம் மட்டும் போடுங்க" என்று சொல்லிவிடலாம். அந்தத் தடிப்பு அழுக்கு அல்ல, சுவர். அடியோடு சீவினால் பாதம் அவசரமாக இன்னும் தடித்த சுவரைக் கட்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பார்லர்களில் இந்தப் பிளேடுக்குத் தடை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும் என்பதால், ரத்தம் பட்ட கருவி ஆளுக்கு ஆள் மாறுவது விளையாட்டு அல்ல. நுரைபோலத் துளைகள் கொண்ட தேய்க்கும் கல்லை முழுதாகச் சுத்தம் செய்யவே முடியாது. வீட்டுக் கல்லைக் கையோடு கொண்டுபோகலாம். நகத்தின் அடியை ஒட்டியிருக்கும் மெல்லிய தோலையும் வெட்டவிடாதீர்கள். நகத்துக்கும் சதைக்கும் இடையே கிருமி இறங்காமல் அடைத்திருப்பது அதுதான். அது போனால் நகச்சுற்று. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் கெட்டால் முழுதாக மாற ஒரு வருஷத்துக்கும் மேலாகும்.

சர்க்கரை நோயாளிகள் பார்லருக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். இதைப் புரியவைத்த வரலாறு நம் மலைகளோடு பிணைந்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். அவருடைய தாய் ஈவ்லின் முதிய வயதிலும் கல்வராயன் மலைவரை மருத்துவத் தொண்டு செய்தவர். வேலூர் சிஎம்சியில் 1946இல் சேர்ந்த பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடும் முள்ளும் செய்த காயத்தின் மேலேயே நோயாளி நடந்து நடந்து பாதத்தை இழக்கிறார். மெத்தென்ற ரப்பர் செருப்பும், தினமும் காலைப் பார்க்கும் பழக்கமும் காயங்களைத் தடுத்தன. சர்க்கரை நோயிலும் கால் நரம்பு மரத்துப்போகும் என்பதால், பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் போய்ச் சேர்ந்தது.

காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் அந்தக் காலுக்கு வெந்நீர்த் தொட்டியே ஆபத்து, கொப்புளித்தாலும் உறைக்காது. தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் இந்தப் பாதப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிற அன்றே செருப்பைக் கழற்றி, காலையும் பாருங்கள் என்று கேட்டுவிடலாம்.