மணி அடித்தும் முடியாத வேலை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்களில் விளக்கை அணைக்க நேரமாகிவிடும். வருமான வரிக் கணக்கு 31-ந் தேதியோடு முடிகிறது. பழைய முறையில் வரி கட்டுவோருக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குச் சலுகை உண்டு. ஆகவே, ஆண்டு முழுவதும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிவந்த சம்பளக்காரர் கடைசி வாரத்தில்தான் பாலிசி எடுக்க வருகிறார். கம்பெனிக்கும் ஆண்டு இலக்கு முடியும் நாள் அதுவே. இரண்டும் சேர்ந்து வந்து விழுவது குமாஸ்தாவின் மேஜை மீதும், வெளியில் அலையும் ஏஜெண்டின் தலை மீதும்தான்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இந்தச் சுமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே பாலிசி எடுப்பவர்களில் பெரும் பகுதியினர் உழைப்பாளிகள். அவர்களைப் பகலில் சந்திக்க முடியாது. மூணாறிலோ வண்டிப்பெரியாறிலோ தேயிலைத் தோட்டத்துப் பெண் கொழுந்தை எடை போட்டுவிட்டு, லயத்துக்குத் திரும்பி அடுப்பை மூட்டிய பிறகுதான் பேசக் கிடைப்பார். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்கு வந்து போகிறவரைப் பார்க்க வேண்டுமானால், பொழுது விடிவதற்கு முன் போக வேண்டும். அல்லது ஜீப் திரும்பிய பின் போக வேண்டும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்காரரை ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலில்தான் பிடிக்க முடியும். ஆக, மற்றவருக்கு ஓய்வு நேரம் எதுவோ, அதுவே இன்ஷூரன்ஸ்காரருக்கு வேலை நேரம்.

சட்டம் போட்ட கோடு

எல்லைக்கு இந்தப் பக்கம் 1960-ம் ஆண்டின் கேரளக் கடைகள், வர்த்தக நிறுவனங்கள் சட்டம். அந்தப் பக்கம் 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம் என்று இரண்டும் விதித்தன. வர்த்தக நிறுவனம் என்பதில் இன்ஷூரன்ஸ் தொழிலையும் இரண்டுமே பெயர் சொல்லிச் சேர்த்தன.

ஆனால் அதே சட்டங்கள் சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்தின. நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்கு இந்த 8 மணிக் கணக்கு கிடையாது. ஊர் சுற்றும் வேலையில் உள்ளோருக்கும், ஆள் சேர்க்கும் கான்வாசர்களுக்கும் கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே கூரை. உள்ளே உட்கார்ந்து லெட்ஜர் பார்ப்பவருக்கு மணிக்கணக்கு. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குபவருக்கு இலக்குக் கணக்கு. மணிக்கு முடிவு உண்டு. இலக்குக்கு அது கிடையாது; இந்த வருஷம் எட்டிப் பிடித்தால் அடுத்த வருஷம் அது இன்னும் உயரும்.

வெளியில் அலைபவர் தொழிலாளியா, அதிகாரியா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் வளர்ச்சி அதிகாரி, தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளியே என்று 1983-ல் தீர்ப்பாயிற்று. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 1994-ல் அரசியல் சாசன பெஞ்ச் அந்த முடிவை ஏற்க மறுத்துவிட்டது. கமிஷனை மட்டும் நம்பி வாழும் ஏஜெண்டோ கம்பெனியின் சம்பள ஊழியரே அல்ல. அவருக்கு லீவும் கிடையாது, லீவுச் சம்பளமும் கிடையாது.

இன்று பல தனியார் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இளைஞர்களுக்கு "மேனேஜர்" பட்டம் கிடைத்துவிடுகிறது. அவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. லீவு கொடுக்கவோ ஆள் எடுக்கவோ அதிகாரமும் இல்லை. பட்டத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒருவர் தொழிலாளியா, நிர்வாகியா என்று கோர்ட்டுகள் தீர்மானிப்பது அவர் செய்யும் வேலையின் தன்மையைப் பார்த்தேயன்றி, பதவியின் பெயரைப் பார்த்து அல்ல.

சனிக்கிழமை கிடைத்த கதை

வார விடுமுறை யாரும் தானமாகத் தந்தது அல்ல. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. கேட்டதைப் பெற்றே வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இரண்டு நாள் வார விடுமுறைக்கு வெகு காலம் காத்திருந்தார்கள். 1956-ல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்று சேர்த்து ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தபோது அதற்கு இருந்த கிளைகள் 212. பிறகு அவை இரண்டாயிரத்தைத் தாண்டின. சனிக்கிழமைகளைப் பொது விடுமுறையாக மத்திய அரசு அறிவித்தது 2021-ல்தான். அந்த ஆண்டு மே 10 முதல் ஆபீஸ்கள் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 மணி முதல் மாலை 5.30 வரை என்று ஆயிற்று.

குமாஸ்தாவுக்கு இது பெரிய விடுதலை. பாலக்காட்டில் வேலை, கோவையில் குடும்பம் என்றிருப்பவர் வெள்ளி மாலையே வாளையாறு தாண்டிவிடலாம். ஏஜெண்டுக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. சனி, ஞாயிறில்தான் பாலிசிதாரர் வீட்டில் இருப்பார். ஆகவே ஏஜெண்டு வீட்டில் இருக்க முடியாது. பையிலிருக்கும் போன் வேறு, ஆபீசையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. "இன்றைக்கு எத்தனை?" என்று இரவு பத்து மணிக்கும் கேள்வி வருகிறது.

உடம்பு போடும் கணக்கு

காலை 9 முதல் இரவு 8 வரை, வாரத்துக்கு ஆறு நாள். சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்தாலும் 60 மணி ஆகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்வோரோடு ஒப்பிட்டால், 55 மணிக்கு மேல் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்பது அதன் முடிவு. ஊராரின் உயிருக்கு இன்ஷூரன்ஸ் எழுதுகிறவர் தம் உயிரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நஷ்டம் அவரோடு நிற்பதும் இல்லை. இலக்கு நெருக்கும்போது விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளை யாரும் நிதானமாகப் படித்துக் காட்டுவதில்லை. சர்க்கரை உண்டா, நெஞ்சுவலி வந்ததா, ஆஸ்பத்திரியில் படுத்தது உண்டா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால், மறைக்கப்பட்ட நோயைக் காட்டிக் கம்பெனி பணம் தர மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏஜெண்டு மிச்சம் பிடித்த பத்து நிமிஷத்துக்கு லயத்து விதவை விலை கொடுக்கிறார்.

செய்யக் கூடியவை

முதலாவது, மணிக்கணக்கை எழுதி வைப்பது. வந்த நேரம், போன நேரம், லீவு நாளில் வந்த உத்தரவு ஆகியவற்றை ஒரு டைரியில் நாள்தோறும் குறித்து வந்தால், பின்னால் தொழிலாளர் நல அதிகாரி முன் நிற்கும்போது அது பேசும். நியமன உத்தரவில் பதவியும் வேலை நேரமும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் கையெழுத்திடும் முன் படிப்பது அவசியம். கூடுதல் நேர உத்தரவை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இரண்டாவது, சுமையை ஆண்டு முழுவதும் பரப்புவது. சம்பளத்திலிருந்தோ பாங்கிக் கணக்கிலிருந்தோ பிரீமியத்தைப் பிடித்தம் செய்ய ஏற்பாடு செய்துவிட்டால், ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி நினைவூட்டும் அலைச்சல் குறையும். தவணை தவறினால் மாதப் பிரீமியத்துக்கு 15 நாளும், மற்றவற்றுக்கு 30 நாளும் அவகாசம் உண்டு என்பதைப் பாலிசிதாரரும் தெரிந்துவைத்திருந்தால், நள்ளிரவு போன்கள் பாதியாகும்.

மூன்றாவது பொறுப்பு பாலிசி எடுப்பவருடையது. மார்ச் வரை காத்திராமல் ஆவணியிலோ ஐப்பசியிலோ எடுக்கலாம். விண்ணப்பத்தை வரிக்கு வரி படித்துச் சொல்லும்படி கேட்கலாம். வந்த பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. நிதானமாக எடுத்த பாலிசியால் எடுத்தவர் குடும்பத்துக்கும் நிம்மதி. எழுதியவரும் அன்றிரவு நேரத்தோடு வீடு போய்ச் சேருவார்.