கழிவுநீரிலிருந்து மின்சாரம்: நுண்ணங்கி எரிபொருட்கலம் பற்றிய ஒரு நோக்கு

கழிவுநீரை அகற்றப்படவேண்டிய பொருளாகவே நாம் கருதி வந்துள்ளோம். ஆயின், அதனை மாசுபடுத்தும் சேதனப் பொருள்கள் யாவும் சத்தியைத் தம்முள் கொண்டவை. ஒரு கனமீற்றர் வீட்டுக் கழிவுநீரில் ஏறத்தாழ 2 கிலோவாற்று மணி அளவான இரசாயனச் சத்தி அடங்கியுள்ளது. 1914 இல் மான்செஸ்ரரில் உருவான உயிர்ப்பூட்டிய சேற்று முறையோ, அச்சத்தியின் பெரும்பகுதியை வீணாக விடுவதோடு, நீருள் வளியைச் செலுத்துவதற்கெனப் பெருமளவு மின்சாரத்தையும் செலவிடுகின்றது. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகவே நுண்ணங்கி எரிபொருட்கலம் ஆராயப்படுகின்றது.

இதன் தத்துவம் எளிது. சுவாசத்தின்போது உணவிலிருந்து வெளிப்படும் இலத்திரன்கள் ஈற்றில் ஓர் ஏற்பியைச் சென்றடைதல் வேண்டும். மனித உடலில் ஒட்சிசனே அவ்வேற்பி. ஒட்சிசனற்ற சேற்றில் வாழும் சில பற்றீரியாக்கள், தம் உடலுக்கு வெளியேயுள்ள இரும்பொட்சைட்டுக்கு இலத்திரன்களை வழங்குகின்றன. அதனிடத்தில் காபன் மின்வாயொன்றை வைப்பின், அவை அதன்மீது படலமாகப் படிந்து, அதற்கே இலத்திரன்களைக் கொடுக்கின்றன. இதுவே அனோட்டு. இங்கு ஓர் அசற்றேற்று அயன் முற்றாக ஒட்சியேற்றப்படுகையில் 8 இலத்திரன்கள் வெளிப்படும். அவை புறச்சுற்றின் வழியாகவும், புரோத்தன்கள் நீரின் வழியாகவும் கதோட்டை அடைந்து, ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகின்றன.

நுண்ணங்கிகளிலிருந்து மின்னோட்டம் பெறலாமென்பதை இங்கிலாந்தின் டேர்கம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் எம். சி. பொற்றர் 1911 இல் எடுத்துக்காட்டினார். வீட்டுக் கழிவுநீரைக் கொண்டே இயங்கிய கலமொன்றைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புறூஸ் லோகன் குழுவினர் 2004 இல் விவரித்தனர். சேதன மாசில் 80 சதவீதம் வரை அதில் நீங்கியது. ஆனால், கிடைத்த வலு மின்வாயின் சதுர மீற்றருக்கு 26 மில்லிவாற்று மட்டுமே. அவ்வளவில் 10 வாற்று மின்குமிழொன்றை எரிப்பதற்கு ஏறத்தாழ 385 சதுர மீற்றர் மின்வாய் தேவைப்படும். பின்னைய ஆய்வுகூடக் கலங்கள் பன்மடங்கு வலுவைத் தந்துள்ளன எனினும், கலத்தைப் பெருப்பிக்கும்போது இடர்கள் தோன்றுகின்றன. கழிவுநீர் மின்னை நன்கு கடத்துவதில்லை, கொள்கையளவில் 1.1 வோல்ற்று வரை தரவல்ல கலம் நடைமுறையில் அதன் பாதியையே பெரும்பாலும் எட்டுவதில்லை. பல கலங்களைத் தொடராக இணைப்பின், வலிமை குன்றிய கலத்தின் முனைவுகள் தலைகீழாக மாறிவிடுவதுமுண்டு. மின்வாய்களின் விலையும் குறைவன்று. சேதனக் கழிவைக் காற்றின்றி நொதிக்கச் செய்து மெதேன் பெறும் பழைய முறை, செறிவான கழிவுகளைப் பொறுத்தவரை இதனிலும் மலிவானது.

இவற்றை நோக்குமிடத்து, இக்கலத்தை மின்நிலையத்துக்குரிய அளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தாது என்பதே நமது கருத்தாகும். வளியூட்டலுக்கான மின்செலவைத் தவிர்ப்பதும், எஞ்சும் சேற்றைக் குறைப்பதுமே இதன் உண்மையான பயன்கள். மின்வழங்கல் எட்டாத இடங்களில் சிறுபயன்களும் உண்டு: பிரிஸ்ரல் ஆய்வாளர்கள் 2015 இல் சிறுநீரால் இயங்கும் கலங்களைக் கொண்டு கழிப்பிடங்களுக்கு ஒளியூட்டிக் காட்டினர்.

இன்னுமொன்றையும் நாம் மறத்தலாகாது. அனோட்டிலுள்ள பற்றீரியாக்கள் உண்பது சேதனப் பொருளையே; அமோனியாவும் பொசுபேற்றும் பெரும்பாலும் நீரிலேயே எஞ்சுகின்றன. எனவே, மாசும் ஒரு வளமே என்னும் வாதம், ஆற்றில் கழிவைக் கலக்கும் ஆலைகளுக்கு நியாயமாகிவிடக் கூடாது. கழிவை அது தோன்றும் இடத்திலேயே குறைக்கும் பொறுப்பை எந்தக் கலமும் நீக்கிவிடாது.